அத்தியாயம் 6: சிறிய கண்டன்சர் மைக் – கூடுதல் விலை எங்கே கேட்கிறது?

வீட்டில் ஒலிப்பதிவு தொடங்குகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது: "ஜோடியாகவே பத்தாயிரம் ரூபாய்க்குள் பென்சில் மைக் கிடைக்குது. ஒத்தை மைக்கே ஒரு லட்சத்தைத் தாண்டுறதும் இருக்கு. அப்படி என்ன சார் வித்தியாசம்?"

நியாயமான கேள்விதான். இரண்டின் பெட்டியிலும் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்றே அச்சிட்டிருக்கும். இரண்டும் கார்டியாய்டு, இரண்டுக்கும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர். அடுத்தடுத்து நிறுத்தி, நேர் எதிரே உட்கார்ந்து ஒரு வர்ணத்தை வாசித்துப் பதிந்து கேட்டால், பழகிய காதுகூடச் சற்றுத் தடுமாறும்.

கேட்கவேண்டிய இடத்தில் கேட்காததால்தான் இந்தத் தடுமாற்றம். நல்ல மைக்குக்கும் சுமாரான மைக்குக்கும் உள்ள இடைவெளி நேர் எதிரே மிகக் குறைவு. பக்கவாட்டில், அமைதியில், ஜோடி சேர்க்கும்போது, நாலைந்து வருடம் கழித்து என்று நான்கு இடங்களில் அது விரிகிறது. அந்த நான்கையும், காசு கொடுப்பதற்கு முன் நீங்களே சோதித்துப் பார்க்கும் வழிகளையும் இங்கே பார்ப்போம்.

சிறிய டயஃப்ரம் எதற்கு?

பாடகர் முன்னால் நிற்கும் பெரிய மைக்கின் டயஃப்ரம் சுமார் ஓர் அங்குல விட்டம், அதாவது இரண்டரை சென்டிமீட்டர். பென்சில் மைக்கில் அது ஏறத்தாழ அதில் பாதி. இந்தச் சின்ன அளவுக்கு ஒரு பெரிய பலன் உண்டு.

ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் ஓடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை மூன்றரை சென்டிமீட்டர் நீளம். 20,000 ஹெர்ட்ஸில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. பக்கவாட்டிலிருந்து வரும் அலை, பெரிய டயஃப்ரத்தின் இந்த ஓரத்தை ஒரு நிலையிலும் அந்த ஓரத்தை வேறு நிலையிலும் தொடும். ஓரத்துக்கு ஓரம் அடித்துக்கொண்டு மேல் ஒலிகள் மங்கிப்போகும். டயஃப்ரம் அலையைவிடச் சிறிதாக இருந்தால் இந்தச் சிக்கல் வெகுவாகக் குறைகிறது. எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஒலியின் நிறம் பெரிதாக மாறாமல் இருப்பதே சிறிய டயஃப்ரத்தின் சிறப்பு. வீணை, மிருதங்கம், புல்லாங்குழல், கிட்டார், சேர்ந்திசை என்று பலவற்றுக்கும் இதைத் தேடிப்போவது அதனால்தான்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. பரப்பு குறைந்தால் மின்சமிக்ஞையும் குறையும். மைக்கின் சொந்த இரைச்சல் சற்றே கூடும். சிறிய மைக் செய்கிறவர்கள் மல்லுக்கட்டுவது இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

சந்தையில் யார் யார்?

உயர்ந்த விலையில் முதலில் நினைவுக்கு வருவது ஜெர்மனியின் நாய்மன். 1966இல் வந்த கேஎம் 84 இந்த வகையின் பாட்டனார். நார்வே வானொலி நிலையத்தில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. மைக்கும் அதிலேயே இயங்கட்டும் என்று அவர்கள் கேட்டார்கள். இன்று நம் இன்டர்ஃபேஸில் "48" என்று எழுதிய பொத்தான் இருப்பதற்கு அதுதான் காரணம். அந்தப் பரம்பரையில் 1993இல் வந்தது கேஎம் 184. இன்றும் பல ஸ்டூடியோக்களில் ஒப்பீட்டுக்கு அளவுகோல் அதுவே.

கார்ல்ஸ்ரூ நகரில் 1948இல் தொடங்கிய ஷெப்ஸ், 1973 முதல் கோலெட் வரிசையைச் செய்துவருகிறது. அதில் காப்ஸ்யூல் தனி, ஆம்ப்ளிஃபயர் தனி; தேவைக்கேற்பக் கழற்றி மாட்டலாம். டென்மார்க்கின் டிபிஏ, அளவீட்டுக் கருவிகளுக்குப் பெயர்பெற்ற ப்ரூயல் அண்ட் கேர் நிறுவனத்திலிருந்து 1992இல் கிளைத்தது. சென்ஹைசரின் எம்கேஎச் வரிசை வேறொரு தத்துவத்தில் வேலை செய்கிறது. அதை ஈரப்பதம் பற்றிய பகுதியில் பார்ப்போம்.

நடு விலையில் ஆஸ்திரேலியாவின் ரோட் என்டி5, ரஷ்யாவின் தூலா நகரில் செய்யப்படும் ஒக்தாவா எம்கே-012, எஸ்ஈ நிறுவனத்தின் எஸ்ஈ8, ஸ்வீடனின் லைன் ஆடியோ ஆகியவை பேர்பெற்றவை. அடிமட்ட விலையில் பெரிங்கர் சி-2, சாம்சன் சி02 போன்ற ஜோடிகள்.

முதல் இடம்: பக்கவாட்டு

சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டு மாடி அறையில் வீணையும் மிருதங்கமும் பதிந்தேன். பன்னிரண்டுக்குப் பத்து அடி அறை. ஜன்னலில் ஜமுக்காளம் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டோம். வீணையின் குடத்துக்கு ஒன்றரை அடி தள்ளி ஒரு மலிவான பென்சில் மைக். மிருதங்கத்தின் வலந்தலைக்கு ஓர் அடியில் இன்னொன்று. இரண்டு கலைஞர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்தால்தான் கோர்வை சேர்ந்து விழும். தனித்தனி அறையில் வைத்துப் பதிவது நம் சங்கீதத்துக்கு ஒத்துவராது.

வீணையைத் தனியாகப் போட்டுக் கேட்டேன், நன்றாக இருந்தது. மிருதங்கமும் அப்படியே. இரண்டையும் சேர்த்து ஏற்றியதும் மிருதங்க வித்வான் முகம் சுளித்தார். "தம்பி, என் வாத்தியத்துல நாதமே இல்லையே. தகர டப்பா மாதிரில்ல கேக்குது?"

அவர் சொன்னது சரி. கோளாறு மிருதங்கத்துக்கு வைத்த மைக்கில் இல்லை, வீணைக்கு வைத்த மைக்கில் இருந்தது. அதன் பக்கவாட்டிலிருந்து நுழைந்த மிருதங்க ஒலி, நடுப்பகுதி மட்டும் புடைத்து, அடியும் நுனியும் தேய்ந்து பதிவாகியிருந்தது. வீணையின் ஒலியை ஏற்ற ஏற்ற, அந்தக் கெட்டுப்போன மிருதங்கமும் கூடவே ஏறி, நல்ல மிருதங்கத்தின் மேல் படிந்தது. மறுநாள் ஒரு நண்பரிடமிருந்து கேஎம் 184 ஒன்றை வாங்கி வந்து அதே இடத்தில் வைத்தேன். வீணை முந்தைய நாளைவிட ஏதோ கொஞ்சம் மேல், அவ்வளவுதான். பக்கத்திலிருந்து கசிந்த மிருதங்கமோ மெல்லியதாக, ஆனால் மிருதங்கமாகவே கேட்டது. சாப்பு சாப்பாகவும் மீட்டு மீட்டாகவும் இருந்தன. இரண்டு ட்ராக்கையும் சேர்த்தபோது ஒன்றை ஒன்று கெடுக்கவில்லை.

இதற்குத்தான் காசு. கார்டியாய்டு என்ற திசை வடிவம் தானாக வருவதில்லை. டயஃப்ரத்துக்குப் பின்னால் உள்ள துளைகள் வழியே ஒலி நுழைந்து, சற்றே தாமதப்பட்டு, பின்பக்கத்தைத் தொட வேண்டும். டயஃப்ரத்தின் தடிமன் சில மைக்ரான். அதற்கும் பின்தகட்டுக்கும் உள்ள இடைவெளி சில பத்து மைக்ரான். துளையின் அளவு, வலையின் அடர்த்தி, படலத்தின் இழுவிசை ஆகியவற்றில் ஒன்று பிசகினாலும் முன்பக்கத்தில் பெரிதாகத் தெரியாது. பக்கவாட்டில் ஒலியின் நிறம் கலைந்துவிடும். ஒவ்வொரு காப்ஸ்யூலையும் அளந்து, சரியில்லாததை ஒதுக்கும் உழைப்பும் அந்த விலையில் அடக்கம்.

முன்பக்கத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். மலிவான மைக்குகள் பலவற்றில் மேல் ஒலி தூக்கலாக இருக்கும். கேஎம் 184இலும் 9,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஓர் ஏற்றம் உண்டு, ஆனால் அது வழவழப்பாக ஏறி இறங்கும். மலிவானதில் அது முள்போல் நிற்கக்கூடும். முதல் ஐந்து நிமிடம் "ஆகா, எவ்வளவு தெளிவு" என்று தோன்றும். அரை மணி நேரம் கேட்டால் வீணையில் நகம் படும் சத்தமும் குழலில் ஊதும் காற்றும் காதை உறுத்தும்.

இரண்டாம் இடம்: அமைதி

எந்த மைக்கும் தானாகவே "ஸ்ஸ்" என்று கொஞ்சம் இரையும். விவரப் பட்டியலில் இதை டெசிபெல்-ஏ என்ற அளவில் தருவார்கள். எண் குறைந்தால் நல்லது. கேஎம் 184க்கு 13. ரோட் என்டி5க்கு 16. அதே நிறுவனத்தின் மலிவான எம்5க்கு 19.

இந்த எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மின்விசிறி ஓடும் அறையில் இந்த மூன்றும் ஒன்றுதான். விசிறியின் சத்தம் எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். மிருதங்கம், கடம், வேகமாக வாசிக்கும் கிட்டார் போன்ற உரத்த வாத்தியங்களை அருகில் வைத்துப் பதியும்போது 19 டெசிபெல் இரைச்சல் உங்களுக்குக் கேட்கவே கேட்காது. நள்ளிரவில், நல்ல அமைதியான அறையில், மூன்றடி தள்ளி வைத்த மைக்கில் தம்பூராவையோ வீணையின் ஆலாபனையையோ பதிந்தால் வித்தியாசம் தெரியும். கமகம் ஓய்ந்து தந்தி அடங்கும் அந்தக் கடைசி இரண்டு நொடியில் நாதம் முதலில் மறைகிறதா, இரைச்சல் முதலில் வெளிப்படுகிறதா என்று கேளுங்கள்.

எண் ஒன்றையே நம்பியும் வாங்கக் கூடாது. நடு விலையில் கிடைக்கும் எஸ்ஈ8இன் பட்டியலிலும் 13 டெசிபெல்தான் இருக்கிறது. உச்ச ஒலியைத் தாங்கும் திறனில் என்டி5 143 டெசிபெல், கேஎம் 184 138 டெசிபெல். அங்கே விலை குறைந்ததே முந்துகிறது. பட்டியலில் ஜெயிப்பது வேறு, அறையில் ஜெயிப்பது வேறு.

மூன்றாம் இடம்: ஜோடி

ஸ்டீரியோவில் பதிய இரண்டு மைக் வேண்டும். பிரெஞ்சு வானொலியில் பிறந்த ஓஆர்டிஎஃப் முறையில் இரண்டு கார்டியாய்டுகளை 17 சென்டிமீட்டர் இடைவெளியில், 110 பாகைக் கோணத்தில் வைப்பார்கள். இரண்டும் ஒரே மாதிரி கேட்டால்தான் பாடகர் நடுவில் நிற்பார். ஒன்று மேல் ஒலியில் கூடியிருந்தால், அவருடைய "ச" ஒரு பக்கமும் "ஓ" இன்னொரு பக்கமும் இழுக்கும்.

உயர்ந்த விலையில், வேறு வேறு வருடத்தில் வாங்கிய இரண்டு மைக்கூட ஏறக்குறைய ஜோடியாகவே நடந்துகொள்ளும். மலிவில் "மேட்ச்டு பேர்" என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் சோதிக்காமல் நம்பாதீர்கள். சோதிக்கும் முறை கீழே உள்ளது.

நான்காம் இடம்: காலமும் ஈரமும்

கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் இதை முக்கியமாகப் படிக்க வேண்டும். கண்டன்சர் மைக்கின் உள்ளே டயஃப்ரத்துக்கும் பின்தகட்டுக்கும் இடையே மின்சுமை கசியாமல் நிற்க வேண்டும். ஈரம் படிந்தால் அது கசியத் தொடங்கும். ஒரு நவம்பர் மழை நாளில் என் மலிவான மைக் ஒன்று, தாளிக்கும்போது கடுகு வெடிப்பதுபோல் படபடவென்று சத்தம் போட்டது. பல்லவி பாதியில் நின்றது. அன்றைய பதிவே ரத்து.

விலை கூடிய மைக்குக்கும் இந்த ஆபத்து உண்டு. ஆனால் உள்ளே தூய்மையும் காப்பும் நன்றாக இருப்பதால் தாக்குப்பிடிப்பது அதிகம். பழுதானால் காப்ஸ்யூலை மாற்றித்தர ஆளும் பாகமும் கிடைக்கும். சென்ஹைசரின் எம்கேஎச் வரிசை காப்ஸ்யூலை ரேடியோ அலைவரிசையில் இயங்கும் சுற்றில் வைக்கிறது. அதனால் ஈரத்தில் கசிவுத் தொல்லை மிகக் குறைவு. மழையிலும் காட்டிலும் பதிகிறவர்கள் அதை நாடுவது இதனால்தான்.

எந்த விலை மைக்காக இருந்தாலும் இவற்றைச் செய்யுங்கள்:

• வேலை முடிந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையுடன் வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறினால் காயவைத்துத் திரும்பப் போடுங்கள்.
• ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுபோனால் உடனே ஃபேன்டம் பவரைப் போடாதீர்கள். அரை மணி நேரம் பெட்டியிலேயே இருந்து வெளிச்சூட்டுக்குப் பழகட்டும்.
• மைக்கை வாயால் ஊதிச் சோதிக்காதீர்கள். எச்சில் ஈரம் நேராக டயஃப்ரத்தில் போய் உட்காரும்.

நீங்களே ஒப்பிடும் முறை

இரண்டு மைக்கை இரவல் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ ஒரு மாலை ஒதுக்குங்கள்.

1. ஒரே டேக். இரண்டின் முகங்களும் ஒட்டினாற்போல் இருக்கும்படி டேப் சுற்றி ஒரே ஸ்டாண்டில் மாட்டுங்கள். இரண்டு முறை வாசித்து ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது வாசிப்பைத்தான்.

2. ஒரே அளவு. ஸ்பீக்கரில் பிங்க் நாய்ஸ் ஓடவிட்டு, இரண்டு சானலும் மீட்டரில் ஒன்றுபோல நிற்கும்வரை கெயினைத் திருப்புங்கள். அரை டெசிபெல் வித்தியாசம்கூட ஏமாற்றும். சற்று உரத்துக் கேட்பது எப்போதும் நல்லதாகத் தோன்றும்.

3. பெயரை மறையுங்கள். இன்னொருவரிடம் கொடுத்து அ, ஆ என்று ஃபைல்களுக்குப் பெயர் வைக்கச் சொல்லுங்கள். விலை தெரிந்தால் காது பாரபட்சம் பார்க்கும்.

4. சாவிக்கொத்து. மைக்கிலிருந்து இரண்டடி தூரத்தில் சாவிக்கொத்தைக் குலுக்கியபடி நேர் எதிரே தொடங்கி, பக்கவாட்டில் சென்று, பின்னால்வரை மெதுவாக நடங்கள். சாவியின் ஓசையில் மேல் ஒலிகள் ஏராளம். நல்ல மைக்கில் சத்தம் குறைந்துகொண்டே போகும், ஆனால் சாவி சாவியாகவே இருக்கும். சுமாரான மைக்கில் ஒரு கோணத்தில் அது கிண்ணென்றும் இன்னொரு கோணத்தில் மொக்கையாகவும் மாறும். ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

5. பீரோ சோதனை. இரவில் மைக்கைப் போர்வையில் சுற்றித் துணி அடுக்கிய பீரோவுக்குள் வைத்து, கெயினை ஏற்றி ஒரு நிமிடம் பதியுங்கள். இரைச்சல் ஒரே சீராக இருக்கிறதா, நடுவில் சொடுக்குச் சத்தம் வருகிறதா என்று ஹெட்போனில் கேளுங்கள். சீரான இரைச்சலைப் பொறுக்கலாம். சொடுக்கு ஈரம் அல்லது பழுதின் அடையாளம்.

6. ஜோடிச் சோதனை. ஒரே மாதிரி இரண்டு மைக்கையும் ஒட்டி வைத்து, கெயினைச் சமமாக்கி, ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பி மோனோவில் கேளுங்கள். இரண்டும் ஒன்றானால் ஒலி கிட்டத்தட்ட மறைந்துவிடும். ஒரு டெசிபெல் பிசகு இருந்தால் மிச்சம் சுமார் 19 டெசிபெல் கீழே நிற்கும். அரை டெசிபெல் என்றால் 25. எந்தப் பகுதி மிஞ்சுகிறதோ அந்தப் பகுதியில் ஜோடி பொருந்தவில்லை என்று அர்த்தம்.

யாருக்கு எது?

நீங்கள் தனியாக, ஒரு வாத்தியத்தை அருகில் வைத்துப் பதிகிறவரா? ஓவர்டப் முறையில் ஒவ்வொன்றாக அடுக்குகிறவரா? அடிமட்ட விலையில் தொடங்குங்கள், தவறே இல்லை. பக்கவாட்டிலிருந்து வர அங்கே வேறு வாத்தியம் கிடையாது. மிஞ்சும் பணத்தில் ஆடாத ஒரு ஸ்டாண்டு, நல்ல கேபிள், சுவருக்குக் கனமான திரை வாங்குங்கள். எதிரொலிக்கும் அறையில் லட்ச ரூபாய் மைக் அந்த எதிரொலியைத்தான் துல்லியமாகப் பதிந்து தரும்.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாசிப்பதைப் பதிகிறவர் நடு விலைக்கு வாருங்கள். இந்தத் தொகையில் கிடைக்கும் முன்னேற்றம்தான் ரூபாய்க்கு ரூபாய் அதிகம். இங்கிருந்து மேலே போகப் போக, ஒவ்வொரு ஆயிரத்துக்கும் கிடைப்பது சுருங்கிக்கொண்டே வரும்.

முழுக் கச்சேரியை இரண்டே மைக்கில் பிடிக்கிறவர், சேர்ந்திசையோ பியானோவோ பதிகிறவர், இதையே தொழிலாகச் செய்கிறவர் உயர்ந்த விலை ஜோடிக்குச் சேமியுங்கள். அதுவரை முக்கியமான பதிவுகளுக்கு நாள் வாடகைக்கு எடுங்கள். பழையது வாங்கலாம்; ஆனால் பெயர்பெற்ற மைக்குகளுக்குப் போலிகள் உலவுகின்றன. வரிசை எண்ணைப் பார்த்து, மேலே சொன்ன நான்காம், ஐந்தாம் சோதனைகளை விற்பவர் வீட்டிலேயே செய்து பாருங்கள்.

இந்த வாரப் பயிற்சி

கையில் இருக்கும் மைக் எதுவானாலும் அதை எடுங்கள். சாவிக்கொத்தோடு அதைச் சுற்றி ஒரு வட்டம் நடந்து பதியுங்கள். எந்தக் கோணத்தில் சாவியின் ஓசை கெடுகிறது என்று ஒரு தாளில் வட்டம் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை இருவரை வைத்துப் பதியும்போது அந்தக் கோணத்தில் இரண்டாவது வாத்தியம் விழாதபடி உட்காரவையுங்கள். அன்று மாடி அறையில் இப்படி ஒரு தாள் என்னிடம் இருந்திருந்தால், மிருதங்கக்காரரை இரண்டடி தள்ளி உட்காரச் சொல்லியிருப்பேன். அவர் வாத்தியத்தின் நாதம் முதல் நாளே கிடைத்திருக்கும்.